கெலிஓயா மதில் வழக்கில் நான் ஆடு வாங்கிய விதம்

நான் நம்பிய முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். பிறகு நீங்கள் நிம்மதியாக வாசிக்கலாம். நீதிமன்ற விறாந்தையில் நின்று நான் அடித்த ஒரு பகிடியால் ஒரு மனிதரின் வழக்கு தள்ளுபடியாகிவிட்டது என்று நம்பினேன். சும்மா நம்பவில்லை, முழு மனதோடு நம்பினேன். வழக்கு தள்ளுபடியான நேரத்திலிருந்து மறுநாள் கெலிஓயாவில் பஸ்ஸை விட்டு இறங்கும் வரைக்கும், என்னை நானே வேலையிலிருந்து இடைநிறுத்தி, ஓய்வூதியத்தைப் பிடித்துவைத்து, விசாரணைக் குழுவின் முன்னால் அழுது, குழு மனமிரங்காமல் என்னை வெளியே அனுப்பியதையும் பார்த்து முடித்திருந்தேன்.

புதிதாக நியமனம் பெற்றுவந்திருக்கும் உரைபெயர்ப்பாளர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். சிங்களத்தில் நடக்கும் மன்றத்தில் தமிழ் பேசுகிறவருக்கு வாயாக இருப்பது எப்படி என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். வாயை எப்போது மூடுவது என்பதைப் பாடத்தில் சேர்க்கவில்லையாம். அதைச் சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் கண்டியில் இல்லை என்று எங்கள் பழைய ஆட்கள் ஒருமனதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஐம்பத்தைந்து வயதில் ஓய்வுபெற்ற ஒருவனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்காது.

வழக்குத் தொடுத்தவர் மஹ்ரூப் நானா; ஊரில் எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். கெலிஓயாக் கடைத்தெருவில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்தார். வாளி, கூடை, கோப்பை எல்லாம் கூரை வரைக்கும் தொங்கும் கடை. எதிராளி ரியாஸ், அவருடைய தங்கையின் கணவர். ரியாஸின் வீடு வீதியோரம். நானாவின் வீடு அதற்குப் பின்னால். ரியாஸின் வளவுக்குள்ளால்தான் நானாவுக்கு வழி. ஒரு நாள் நானாவின் ஆடு, ரியாஸ் பேராதனையிலிருந்து கொண்டுவந்து நட்டிருந்த ஒட்டு ரம்புட்டான் கன்றுகளை ஒன்று விடாமல் தின்றுவிட்டது. வாய்ப்பேச்சு வந்தது. அடுத்த கிழமை புளொக் கல் வந்தது. அதற்கடுத்த கிழமை வழி இருந்த இடத்தில் மதில் நின்றது.

ஆட்டுக்கு அதனால் ஒன்றும் இல்லை, அது தாண்டிவிடும். நடக்க ஏலாத உம்மாவுக்குத்தான், நானாவின் தாய்க்குத்தான், சிக்கல். நானாவோடு இருந்த அந்த உம்மாவுக்கு, அதாவது ரியாஸின் மாமிக்கு, பெரியாஸ்பத்திரியில் கிளினிக். அந்த வழியால் சக்கரநாற்காலியில் போய்வந்தவர்; மதில் வந்த பிறகு கிளினிக் நாளில் அவரைச் சாதாரணக் கதிரையில் உட்காரவைத்து, பின்பக்கத்துத் தண்ணீர்க் கானுக்குக் குறுக்கே போட்ட பலகைக்கு மேலால், நானாவும் கடையில் வேலை செய்கிறவரும் தூக்கிக்கொண்டு போவார்கள். மழை நாளில் பலகை வழுக்கும். ஒரு தரம் கதிரையின் கால் ஒன்று கானுக்குள் இறங்கியே விட்டது. வழக்கு முழுவதும் இந்த ஒன்றுதான். அந்த உம்மா விழாமல் வீதிக்கு வர வேண்டும்.

நானாவுக்கு முதலில் ஒரு சட்டத்தரணி இருந்தார். வழக்கு நாளைத் தள்ளித் தள்ளித் தவணைக்கு மேல் தவணை வாங்கினார். இரண்டாவது சட்டத்தரணி சமாதானமாகப் போகச் சொன்னார். மூன்றாவது சட்டத்தரணி நானாவேதான். பத்திரங்களையெல்லாம் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்துக் கொண்டுவருவார். நீதிபதி ஏதாவது கேட்டால் மூடியைத் திறக்கும் சத்தம் மன்றம் முழுக்கக் கேட்கும்.

இங்கே நம் தொழிலின் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான். கூண்டில் நிற்கிறவர் "என் உம்மா" என்றால் நாமும் சிங்களத்தில் "என் உம்மா" என்றுதான் சொல்ல வேண்டும். "அவருடைய உம்மா என்று சொல்கிறார்" என்று சொல்லக்கூடாது. அவருடைய 'நான்' நம்முடைய வாயில் 'நான்' ஆகத்தான் வரவேண்டும். எனக்குத் தொழில் பழக்கிய பெரியவர் யாழ்ப்பாணத்து ஆள். முதல் நாளே சொன்னார்: "தம்பி, கூண்டுக்க நிக்கிறவன்ர 'நான்' உன்ர இல்லை. வெளியில வரேக்க அதை அங்கயே வைச்சிட்டு வா. வீட்டை கொண்டு போகாத." நான் ஓம் ஐயா என்றேன். அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் ஓம் ஐயா என்றுதான் சொன்னேன். பாதி விளங்கவில்லை.

நான் புசல்லாவைப் பக்கத்துக் கத்தோலிக்கன். என் அம்மா நான் இந்த வேலைக்கு வருவதற்கு முன்பே மோட்சத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் மஹ்ரூப் நானாவின் வழக்கு நடந்த காலத்தில் "என் உம்மாவைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு போனேன், பலகை வழுக்கியது, என் கால் நடுங்கியது" என்று அத்தனை தவணை சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, மழை பெய்வதைப் பார்த்து, "உம்மாவ எப்படிக் கொண்டு போறது" என்று சொல்லியிருக்கிறேன் போல. என் மனைவி, "ஒங்க அம்மாவ ஏற்கெனவே கொண்டு போயாச்சுங்க, நீங்க சாப்பிடுங்க" என்றாள்.

நீதிபதி நல்ல மனிதர். இரண்டு தரப்பையும் முன்னால் கூப்பிட்டு, குடும்பத்துக்குள் நடக்கும் விஷயம், பேசி முடித்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டார். நானா வாளியைக் கீழே வைத்தார்.

"வாபஸ் வாங்க ஏலாது ஐயா. அல்லாட பேர்ல சத்தியம் செஞ்சீக்கிறேன். கடைத்தெருவுல, எல்லாரும் கேக்க."

நான் அதைச் சொன்னேன். நீதிபதி மறுபக்கம் பார்த்தார். ரியாஸும் எழுந்து நின்று, தன் சட்டத்தரணியையும் முந்திக்கொண்டு சொன்னார்:

"நானும் சத்தியம் செஞ்சிட்டேன் ஐயா. கேஸ் ஈக்குமட்டும் ஒரு கல்லையும் எடுக்க மாட்டேன்."

அதையும் சொன்னேன். ஒருவர் வழக்கை எடுக்கமாட்டார், வழக்கு இருக்கும்வரை மற்றவர் கல்லை எடுக்கமாட்டார். நீதிபதி பேனாவை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு இன்னொரு தவணை கொடுத்தார்.

அன்றுதான் என் பகிடி நடந்தது. விறாந்தையில் நானா வாளியோடு என்னிடம் வந்தார்.

"சேர், ஒரு தவணைக்கி நான் வராட்டி என்ன நடக்கும்?"

இதற்குச் சரியான பதில் ஒன்று இருக்கிறது: "அதை நான் சொல்லக்கூடாது நானா, சட்டத்தரணி ஒருவரிடம் கேளுங்கள்." பயிற்சியில் முதல் கிழமையே சொல்லித் தருகிறார்கள். நான் சொன்னது இது:

"என்ன நடக்கும் நானா? ஒங்க கேஸுக்கு இப்ப வழி நல்லா தெரியும். நீங்க வராட்டியும் அதுவே பஸ் ஏறி வந்துட்டுப் போயிடும்."

எனக்கு அது நல்ல பகிடியாகப் பட்டது. நானா சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சிரிக்காமல் தலையாட்டுகிறவர்களைக் கண்டால் பயப்படுங்கள்.

அடுத்த தவணையில் வழக்கைக் கூப்பிட்டார்கள். ரியாஸும் சட்டத்தரணியும் இருந்தார்கள். முன் வாங்கில் வாளி இல்லை. நீதிமன்ற ஆராச்சி விறாந்தைக்குப் போய் முற்றத்தைப் பார்த்து நானாவின் பெயரைக் கூப்பிட்டார். எங்கள் ஆராச்சியின் குரல் வாவியின் அந்தக் கரைக்கும் கேட்கும் என்று சொல்வார்கள். பதில் இல்லை.

பேச ஆள் இல்லாத இடத்தில் உரைபெயர்ப்பாளனுக்கும் கதிரைக்கும் வித்தியாசம் கிடையாது. கதிரை வியர்க்காது, அவ்வளவுதான். எனக்கு வியர்த்தது. அந்த மனிதர் நான் சொன்னதைச் சட்டமாக எடுத்துக்கொண்டு கடையில் இருந்து வாளி விற்றுக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. சட்டத்தரணி இல்லாமல் வருகிறவர்களுக்கு மன்றத்துக்குள் கறுப்புக் காற்சட்டை போட்ட எல்லோரும் சட்டம்தான். வாசல் கூட்டுகிறவர் மழை வரும் என்றால்கூட அதைக் கட்டளை என்று எழுதிக்கொள்வார்கள்.

இரண்டாம் தரம் கூப்பிட்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், வாசலைப் பார்த்தேன், மாதாவை நினைத்தேன்.

மூன்றாம் தரம் கூப்பிட்டபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். எத்தனை தவணை அந்தப் பெயருக்காக 'நான்' என்று சொன்னவன். வாய் திறந்துவிட்டது. "இருக்கிறேன்" என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, அதுவும் சிங்களத்தில்.

நீதிபதி என்னைப் பார்த்தார். "என்ன?"

"ஒன்றுமில்லை ஐயா. கால் மரத்துவிட்டது."

"உட்காருங்கள்."

உட்கார்ந்தேன். வழக்கை நடத்த வாதி முன்னிலையாகாத காரணத்தால் வழக்கு தள்ளுபடி செய்யப்படுவதாகக் கட்டளை வந்தது. வழக்குச் செலவு கேட்கிறீர்களா என்று நீதிபதி கேட்டார். ரியாஸின் சட்டத்தரணி எழுந்து, இல்லை ஐயா, என் கட்சிக்காரர் கேட்க விரும்பவில்லை என்றார். வென்ற பக்கம் செலவு கேட்காமல் போனதை நான் அதற்கு முன் கண்டதில்லை. ரியாஸும் வென்ற முகத்தோடு இல்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்திலேயே நான் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. எனக்கு என்னைப் பற்றிய யோசனையே நிறைய இருந்தது.

மறுநாள் பௌர்ணமிப் போயா. வீட்டில் எல்லோருக்கும் விடுமுறை, எனக்கு மட்டும் இல்லை. நியாயமான காலத்துக்குள் நியாயமான காரணம் காட்டி மனுப் போட்டால், தள்ளுபடியான வழக்கைத் திரும்ப விசாரணைக்கு எடுக்க இடம் உண்டு. அதை நானாவிடம் யாராவது சொல்ல வேண்டும். அந்த நியாயமான காரணம் நான்தான் என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். ஓர் உரைபெயர்ப்பாளன் வழக்காளியின் வீட்டுக்குப் போகக்கூடாது. போனால் அதுவே தனியாக ஒரு குற்றச்சாட்டு. ஆகவே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள இன்னொரு குற்றத்தைச் செய்துகொண்டு, கெலிஓயா வழியே போகும் கம்பளை பஸ்ஸில் ஏறினேன். தொப்பி போட்டுக்கொண்டேன். அது என்னை எப்படி மறைக்கும் என்று நினைத்தேனோ தெரியாது. பேராதனைச் சந்தியிலேயே ஒரு சட்டத்தரணியின் குமாஸ்தா, "ஆ, சேர், தொப்பி நல்லா இருக்கு" என்றார்.

பஸ்ஸில் என் வாக்குமூலத்தைப் பழகினேன். "நானா, அன்னைக்கு நான் சொன்னது பகிடி" என்று தொடங்குவது. அவர் சட்டையைப் பிடித்தால் பேசாமல் நிற்பது. உம்மா அழுதால் என்ன செய்வது என்பதற்கு எனக்கு வழி தெரியவில்லை; அந்த இடம் வரும்போதெல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

கெலிஓயாவில் இறங்கினேன். இறங்கிய இடத்தில், பேக்கரி வாசலில், ரியாஸ் நின்றுகொண்டிருந்தார்.

"சேர். என்ன இந்தப் பக்கம்?"

எதிராளிக்கு முன்னால் வாதியைப் பார்க்க வந்தேன் என்று சொல்ல முடியுமா? என் தலைக்குள் அந்த நேரத்தில் அந்த வழக்கைத் தவிர வேறு எதுவும் இல்லை. வழக்கில் மதிலும் கானும் உம்மாவும் ஆடும்தான் இருந்தன. அவற்றில் எதைப் பார்க்க வந்தேன் என்று ஒரு மனிதன் வெளியே சொல்லலாம்?

"ஆடு ஒண்ணு பாக்கலாம்னு வந்தேன்" என்றேன்.

ரியாஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவருடைய முகத்தில் முதல் தரமாக ஒரு வெளிச்சம் வந்தது.

"ஆடா? வாங்க சேர், வாங்க. நல்ல ஆடு ஒண்டு ஈக்கு. நானே கூட்டிட்டுப் போறேன்."

வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை. அவர் முன்னால் நடந்தார். தொப்பியோடு நான் பின்னால். ஒரு வீட்டு வாசலுக்குள் நுழைந்து, பக்கவாட்டில் திரும்பி, ஒரு பலா மரத்தைக் கடந்தோம். அந்தப் பலா மரத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனால் சிங்களத்தில் அது நிற்கும் இடத்தைப் பல தரம் சொல்லியிருக்கிறேன். இதற்கு அப்பால் மதில் வரும், நின்றுவிடுவோம் என்று எனக்குத் தெரியும். நாங்கள் நிற்கவில்லை. மதிலின் நடுவில் ஒரு பெரிய இடைவெளி. உடைத்தெடுத்த புளொக் கற்களை ஓரமாக ஒழுங்காக அடுக்கியிருந்தார்கள். ஈரமண்ணில் சக்கரநாற்காலி போன தடம்.

அந்தத் தடத்தின் மேலாலேயே நடந்து மஹ்ரூப் நானாவின் வாசலுக்குப் போனோம்.

"மச்சான்" என்று ரியாஸ் கூப்பிட்டார். "ஆட்டுக்கு ஆள் வந்தீக்கு."

நானா வெளியே வந்தார். என்னைக் கண்டு திகைக்கவில்லை. திகைக்க வேண்டிய வேலையை எனக்கு விட்டுவிட்டார் போல. உள்ளே வரச் சொன்னார், கதிரை போட்டார், இஞ்சி போட்ட பிளேன்டீ வந்தது. உம்மா ஜன்னலோரம் சக்கரநாற்காலியில் இருந்தார். நான் எத்தனையோ தரம் "என் உம்மா" என்று சொன்ன மனிதர். நினைத்ததைவிடச் சிறிய உருவம்.

"யார் மகன் இது?"

"கோட்டு சேர் உம்மா. எனக்காகப் பேசுறவர்."

"ஆட்ட ஏன் இவர் வாங்குற?" என்றார் உம்மா.

ரியாஸ் பக்கத்தில் இருக்கிறார் என்பதையும் மறந்து நான் பழகி வந்ததை எல்லாம் கொட்டிவிட்டேன். அன்றைக்கு விறாந்தையில் நான் சொன்னது பகிடி, அதைச் சட்டமென்று எடுத்துக்கொண்டதில் உங்கள் பிழை எதுவும் இல்லை, எல்லாம் என் வாயால் வந்தது என்று சொன்னேன்.

நானா யோசித்தார். "என்ன பகிடி?"

"வழக்கு தனியா பஸ் ஏறி வரும்னு சொன்னேனே நானா."

"அப்பிடி ஒண்டு சென்னீங்களா?" அவர் ரியாஸைப் பார்த்தார். ரியாஸ் உதட்டைப் பிதுக்கினார். உள்வாசல் திரைக்குப் பின்னாலிருந்து நானாவின் தங்கையின் குரல் வந்தது:

"சேர் நல்லா சிங்களம் பேசுவார்ண்டுதான் நானா செல்ற. பகிடி செல்வார்ண்டு சென்னதே இல்ல."

நான் விடவில்லை. இன்னும் காலம் போய்விடவில்லை, காரணம் காட்டி மனுப் போட்டால் வழக்கைத் திரும்ப எடுப்பார்கள், தேவையென்றால் நானே வந்து காரணத்தைச் சொல்கிறேன் என்றேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"திரும்ப எடுத்தா நான் திரும்ப மதில் கட்டணும் சேர்" என்றார் ரியாஸ். "சத்தியம் ஈக்கே."

"அல்லாவுக்காக சேர்" என்றார் நானா. "ஒண்டும் செய்ய வாணாம். டீய குடிங்க."

டீயைக் குடித்தேன். அதற்குப் பிறகுதான் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்கள். கடைசியாக மழையில் பலகை வழுக்கிய அன்று நானாவோடு உம்மாவைத் தூக்க, கடையில் வேலை செய்கிறவர் வரவில்லை. தங்கை ஓடிப்போய் மறுபக்கம் பிடித்தாராம். வீட்டுக்கு வந்து, ஈரச் சேலையோடு, கணவரையும் அண்ணனையும் மதிலுக்கு இரண்டு பக்கமும் நிறுத்தினாராம். "நீங்க சத்தியம் செஞ்சது வாபஸ் வாங்க மாட்டேண்டு. இவர் சத்தியம் செஞ்சது கேஸ் ஈக்குமட்டும் கல் எடுக்க மாட்டேண்டு. ஒருத்தரும் வாபஸ் வாங்காம கேஸ் இல்லாமப் போனா ரெண்டு சத்தியமும் அப்பிடியே ஈக்கும்." அது எப்படி என்று அவருக்குத் தெரியாது. ஆகவே நானா விறாந்தையில் என்னிடம் கேட்டார். என்னிடமிருந்து பிரயோசனமாக ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு, வாதி வராவிட்டால் வழக்கு தள்ளுபடியாகிவிடும் என்று ரியாஸ் தன் சட்டத்தரணியிடமே கேட்டுவந்து மச்சானுக்குச் சொல்லியிருக்கிறார்.

தம்பி தங்கச்சிமாரே, இத்தனை நாளும் இந்த இரண்டு வாயிலிருந்தும் வந்த ஒவ்வொரு சொல்லையும் நான்தான் மொழிபெயர்த்தேன். இவர்கள் பேசாமல் செய்த ஒன்றையும் நானே மொழிபெயர்க்கப் போய்த்தான் எனக்கு இந்தப் பாடு. அந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர் சொன்னது எனக்கு விளங்கிய இடம் மஹ்ரூப் நானாவின் கதிரை. மன்றத்தில் என்ன அவசரம் வந்தாலும், உங்கள் உள்ளே யாருடைய 'நான்' எழுந்து நிற்கிறது என்று பார்த்துவிட்டு வாயைத் திறவுங்கள். சந்தேகமாக இருந்தால் கால் மரத்துவிட்டது என்று சொல்லுங்கள். ஒரு தரம் அது நன்றாக வேலை செய்திருக்கிறது.

ஆட்டைப் பற்றி: ஆடு பார்க்க வந்தேன் என்று சொன்னவன் ஆடில்லாமல் திரும்பினால் ரியாஸ் என்ன நினைப்பார்? தவிர, அது அந்த வீட்டிலிருந்து போவதில் இரண்டு குடும்பமும் காட்டிய ஒற்றுமையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. த்ரீவீலில் ஏற்றினார்கள். ஒரு பக்கத்தை நானா பிடித்தார், மறுபக்கத்தை ரியாஸ் பிடித்தார். வழக்கின் முதற்காரணம், என் வீட்டுக்குப் போகும் ஹந்தானை ஏற்றத்தில், என் தொப்பியைத் தின்றது. வீட்டில் அதை எப்படி வரவேற்றார்கள் என்பது பணி அனுபவத்தில் சேராது.

வண்டி புறப்படுவதற்கு முன்னால் ஒன்று கேட்டேன். அன்றைக்கு ஆராச்சி கூப்பிடும்போது நீங்கள் கடையிலா இருந்தீர்கள் என்று. நானா திரும்பி வீட்டைப் பார்த்தார். தங்கைக்குக் கேட்கவில்லை என்று உறுதியானதும் குரலைத் தாழ்த்தினார். போகவே கூடாது என்று தங்கை சொல்லியிருந்தாராம். பேரைக் கேட்டால் இவர் பேசிவிடுவார் என்ற பயம்.

"வராம ஈக்க மனசு கேக்கல்ல சேர். எத்தன வருஷம் வந்த எடம்."

நடந்தது இவ்வளவுதான். மஹ்ரூப் நானா அன்று நீதிமன்றத்துக்கு வந்திருந்தார். வாளியைக் கொண்டுவரவில்லை. முற்றத்துப் பக்கம் போகாமல் விறாந்தையின் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றார். தன்னை நம்ப முடியாததால், பேக்கரியில் வாங்கிய சீனிச் சம்பல் பணிஸை முழுதாக வாய்க்குள் வைத்துக்கொண்டார். மூன்று தரமும் தன் பெயரைக் கேட்டார். ஆராச்சி உள்ளே போன பிறகுதான் மென்று விழுங்கினார்.